குறைந்தால் மட்டும் ஊற்றவும்

பிப்ரவரி 9

அக்காவுக்கு வணக்கம்.

உறையின் பின்னால் இருக்கும் முகவரியைப் பார்த்ததுமே நான் யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்கள் இரண்டு பேர் எண்ணையும் உங்கள் போனில் பிளாக் செய்துவிட்டீர்கள். நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து கூப்பிட்டேன். "நான்தான், உங்க தங்கச்சி வீட்டுல..." என்றதும் வைத்துவிட்டீர்கள். இப்போது கடை எண்ணும் போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் கடிதம்.

உங்களை 'அக்கா' என்று கூப்பிட எனக்கு உரிமை கிடையாது என்பீர்கள். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை போய் இரண்டு வருஷம் முடிந்ததும் இவர் என்னைக் கட்டிக்கொண்டார் என்று உங்களுக்குக் கோபம். அதில் பாதி நியாயம் என்று நானே சொல்வேன். மீதிப் பாதிக்கு நேரில் பார்க்கும்போது சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இப்போது விஷயம் மீன். கூடத்தில் இருக்கும் மீன்தொட்டி நீங்களும் உங்கள் தங்கையும் சேர்ந்து வாங்கி வைத்தது என்று சொன்னார்கள். பழைய மீன்கள் மூன்று இருக்கின்றன. இரண்டு ஏஞ்சல், ஒரு டேங்க் கிளீனர். அவை கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன. நான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் உங்கள் தங்கை மகள் குட்டி என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. "சித்தி, எனக்குன்னு ஒரு மீன் வாங்கலாமா?"

ஓடினேன். ஆரஞ்சு நிறத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒன்று வாங்கி வந்தேன். கடைக்காரர் பிளாட்டி என்றார். நாலாம் நாள் செத்துவிட்டது. இன்னொன்று வாங்கினேன். அதுவும் நாலாம் நாள். மூன்றாவது தடவை, தனியாக விட்டதால்தான் போகிறதோ என்று ஒரு ஜோடி. நாலாம் நாள் காலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன.

அந்தத் தடவை குட்டி ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "புதுசா வர்றவங்களை அம்மாவுக்குப் பிடிக்கலை" என்றாள். பிறகு திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளை. அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அக்கா. அது பயம். எனக்காகப் பயப்படுகிறாள்.

ஒரு புது மீன் அந்தத் தொட்டியில் ஐந்து நாள் உயிரோடு இருக்கவேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும். நீங்கள் குடிநீர் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், மீனும் வளர்த்தவர். புது மீனை எப்படி விடுவதென்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் சித்தி


பிப்ரவரி 17

வணக்கம்.

குழந்தைக்காக எழுதுகிறேன். உங்களுக்காகவும் இல்லை, அவருக்காகவும் இல்லை.

கடையில் கொடுத்த பையை அப்படியே தொட்டியில் கவிழ்த்திருப்பீர்கள். அந்த வீட்டில் அதுதான் வழக்கம். கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டுக்காரர் அப்படிக் கவிழ்த்து ஐந்து மீன்களை ஒரே நாளில் சாகடித்தார். என் தங்கை அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

பையை மூடியபடியே இருபது நிமிஷம் தொட்டியில் மிதக்க விடுங்கள். சூடு சமமாகும். பிறகு வாயைத் திறந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். ஒரு மணி நேரமாவது ஆகவேண்டும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யக்கூடாது. கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடவும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

மீன் சாவது கைக்கோளாறு. அதற்குப் போய் செத்துப்போனவளை இழுக்காதே என்று குழந்தைக்குச் சொல்லிப் புரியவையுங்கள்.

பதில் எழுதத் தேவையில்லை.


பிப்ரவரி 28

அக்காவுக்கு வணக்கம்.

பதில் தேவையில்லை என்றீர்கள். என்ன செய்ய, எனக்கு ஒரு பக்கம் எழுதினால் இன்னொரு பக்கம் எழுதாமல் இருக்கமுடியாது.

நீங்கள் சொன்னபடி அட்சரம் பிசகாமல் செய்தேன். குட்டி கடிகாரம் பார்த்தாள், நான் டம்ளர் பிடித்தேன். ஒரு மணி நேரம் இல்லை, ஒன்றரை மணி நேரம். மீன் நிம்மதியாகத்தான் உள்ளே போனது. நேற்று நாலாம் நாள். அக்கா, காலையில் நான் எழுந்து வருவதற்குள் குட்டியே வலையால் எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். "பார்த்தீங்களா?" என்றாள்.

நான் கடையில் நாள் முழுக்க, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று கேட்டே பிழைக்கிறவள். அந்தத் தண்ணீர் தெளிவு இல்லை. பால் விடாத டீயின் நிறம். கண்ணாடி விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். "தண்ணியை ஒரு தடவை மாத்திட்டா என்னங்க?" என்று இவரிடம் கேட்டேன். தொட்டியின் பக்கவாட்டைக் காட்டினார்.

அங்கே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். இத்தனை நாள் அதை ஏதோ கம்பெனிக் காகிதம் என்று நினைத்திருந்தேன். 'நான் வரும்வரை தண்ணீரை மாற்ற வேண்டாம். குறைந்தால் மட்டும் ஊற்றவும்.' ஆபரேஷனுக்குப் போன அன்று அம்மா ஒட்டிவிட்டுப் போனது என்றாள் குட்டி. பத்தே நாளில் திரும்பி வருவதாக இருந்ததாமே.

இரண்டே முக்கால் வருஷமாக அந்தத் தண்ணீரை யாரும் மாற்றவில்லை. வற்றிக் குறைவதை மட்டும் இவர் தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் ஒரு ஜக்கால் நிரப்புகிறார். ஊற்றும்போது பேசமாட்டார். அந்த இரண்டு நிமிஷமும் நானும் குட்டியும் சமையலறையைவிட்டு வரமாட்டோம். யாரோ உடை மாற்றும் அறைக்குள் போவது மாதிரி இருக்கும்.

ஏன் என்று மறுபடி கேட்டேன். இவர் லிஃப்ட் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டாம். ஒருவர் உள்ளே இறங்கும்போது சுவிட்சில் 'தொடாதே' என்று அட்டை மாட்டிவிட்டுப் போவாராம். அந்த அட்டையை வேறு யாரும் கழற்றக்கூடாது, கழற்றினால் உள்ளே இருப்பவர் உயிர் போய்விடும். "மாட்டினவங்கதான் கழட்டணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நான் இப்போதெல்லாம் கூடத்தில் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவதில்லை. சிரிக்காதீர்கள். குட்டி தொட்டியின் மூடிமேல் பாடப் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறாள், என் கை அந்தத் தண்ணீரில் பட்டுவிடக்கூடாதாம்.


மார்ச் 8

வணக்கம்.

அந்தத் தாள் இன்னுமா இருக்கிறது?

தினமும் ஊற்றுகிறாரா? ஒரு நாள்கூடத் தவறாமலா?

நன்றாகக் கழுவிய பாட்டிலில் அரை லிட்டர் தொட்டித் தண்ணீர் அனுப்புங்கள். வாய் வரை நிரப்பி, உள்ளே காற்று இல்லாமல் மூடவேண்டும். சோதித்துச் சொல்கிறேன். நீங்களாக எதையும் மாற்றவேண்டாம். தாளையும் தொடவேண்டாம்.


மார்ச் 16

அக்காவுக்கு வணக்கம்.

பாட்டிலைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். இவர் வேலைக்குப் போனதும் எடுத்தேன். புத்தகங்களை இறக்குவதற்குக் குட்டியிடம் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. "பெரியம்மாவுக்கா? சரி. ஆனா நான்தான் எடுப்பேன், நீங்க கையை விடாதீங்க" என்று அவளே பாட்டிலை முக்கினாள்.

சாயந்திரம் இவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தண்ணி குறைஞ்சிருக்கே" என்றார். அரை லிட்டர்தான், அக்கா! ஒரு நூல் குறைந்திருக்குமா? சொன்னேன். உங்கள் பெயரைக் கேட்டதும் அப்படியே நின்றார். "அவங்க கேட்டாங்களா? அவங்களேவா?" என்று இரண்டு தடவை கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

முடிவு தெரிந்ததும் எழுதுங்கள்.


ஏப்ரல் 3

வணக்கம்.

பாட்டில் வந்து இரண்டு வாரத்துக்குமேல் ஆகிறது. சோதிக்கவில்லை.

மூடியைத் திறந்தேன். தொட்டி கழுவிய நாட்களில் அவள் கையிலிருந்து ஒரு வாசனை வரும். பாசியும் மீன் தீனியும் கலந்தது. சோப்புப் போட்டாலும் போகாது. "மீன்காரி" என்று கேலி செய்வேன். அந்த வாசனை. உடனே மூடிவிட்டேன். சோதிப்பதென்றால் மருந்து ஊற்றிக் கலக்கி, நிறம் பார்த்து, சாக்கடையில் கொட்டவேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பாட்டில் அப்படிக் கொட்டுகிறவள்தான் நான். இது முடியவில்லை. என் மேஜைமேல் இருக்கிறது. யாரும் எடுத்துவிடாமல் என் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தண்ணீரை மாற்றாதீர்கள். குழந்தைக்குப் புது மீன் வேண்டுமென்றால் தனியாக ஒரு சின்னத் தொட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.


ஏப்ரல் 9

அக்கா,

தனித் தொட்டி வாங்கச் சொல்கிறீர்கள். நானும் தனி வீடு பார்த்துக்கொள்ளட்டுமா?

மன்னியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், அடித்துத் திருத்தமாட்டேன். போன வாரம் எனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான், கடையில் பாதிப் பேருக்கு வந்தது. முதல் நாள் கண் விழித்தால் என் மூக்கடியில் ஒரு சின்ன விரல். மூச்சு வருகிறதா என்று குட்டி பார்க்கிறாள். இரண்டாம் நாளும் விரல், மூன்றாம் நாளும் விரல். நாலாம் நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இவர் தூக்கப் பார்த்தார், கடித்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, சித்தி நல்லவங்கம்மா. தலை பின்னும்போது வலிக்காம பின்னுவாங்க. விட்டுடும்மா." அந்த இரண்டு ஏஞ்சல் மீன்களும் அவள் முகத்துக்கு நேராக வந்து அசையாமல் நின்றன.

உங்களுக்கு அது தங்கை. இவருக்கு அது பெண்டாட்டி. உங்கள் துக்கத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒரு குழந்தை தன் அம்மாவைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு, அவளிடமே எனக்காகக் கெஞ்சுகிறது. அந்த அரை லிட்டரை நீங்கள் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சோதனை முடிவு வேண்டும்.


ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

சோதித்துவிட்டேன். ஒரு சொட்டு மிச்சமில்லை. மேஜைமேல் காலிப் பாட்டில்தான் இருக்கிறது.

உன் கையில் கோளாறு இல்லை. அந்தத் தண்ணீர் புளித்துப்போயிருக்கிறது. தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், மீன் கழிவும் உப்பும் உள்ளேயே தங்கும். அவர் ஊற்ற ஊற்ற அதன்மேல் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. எங்கள் அளவுகோலில் அந்த எண்ணே இல்லை. பழைய மூன்றும் அது கெடக் கெடக் கூடவே இருந்து பழகிவிட்டன. புதிதாக வருவதை ஒரு மணி நேரம் இல்லை, ஒரு நாள் முழுக்கப் பழக்கினாலும் பிழைக்காது. நீ கொல்லவில்லை. அவளும் கொல்லவில்லை. கொன்றது நான்தான்.

இதை எப்படி எழுதுவதென்று ஆறு தாள் கிழித்துவிட்டேன். அந்தக் காகிதத்தை எழுதியவள் அவள் இல்லை. நான்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அவர் அங்கே அவளோடு இருந்தார். தொட்டியைப் பார்த்ததும் அந்த ஐந்து மீன் ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் கையை வைத்தால் அவள் வருவதற்குள் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். நான் சொன்னால் கேட்கமாட்டார், அவள் எழுதியது போல இருந்தால் கேட்பார். எழுதி ஒட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? காரில் போகும்போது என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள். "அவர்கிட்ட ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்தச் சொல்லுக்கா. பயப்படுவார், பரவாயில்லை. ஒரு குழந்தையையே குளிப்பாட்டுறாரு, மீனுக்குத் தண்ணி மாத்தத் தெரியாதா?" நான் சரி சரி என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அந்தத் தாள் அங்கேயே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. பிறகு உன்னைக் கட்டிக்கொண்டார், எனக்குக் கோபித்துக்கொள்ள ஒரு சாக்குக் கிடைத்தது. ஓடிவிட்டேன்.

ஒரேயடியாக மாற்றிவிடாதே, பழைய மூன்றும் செத்துவிடும். நல்ல தண்ணீரும் திடீரென்று வந்தால் அவற்றுக்கு விஷம்தான். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு ஜக் எடுத்து ஒரு ஜக் ஊற்றுங்கள். ஒரு மாதத்துக்குமேல் ஆகும்.

கீழே எழுதியிருப்பதைக் கிழித்து அவரிடம் கொடு.

'தொட்டியில் இருக்கும் அட்டையை மாட்டியவள் நான். உள்ளே யாரும் இல்லை. கழற்றிவிடலாம்.'

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

துண்டைக் கிழித்துக் கொடுக்கவில்லை. முழுக் கடிதத்தையும் கொடுத்தேன். மறைத்து வைத்து இந்த வீடு பட்டது போதும்.

வேலைச் சட்டையோடு நின்றபடியே படித்தார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவ எழுத்து வலது பக்கம் சாயும். இது நேரா நிக்குது. அவ அக்கா எழுத்துன்னு அன்னிக்கே தெரியும்." பின்னே ஏன் இத்தனை நாள் என்று கேட்டேன். "அவ சொல்லி இவங்க எழுதினாங்கன்னு நினைச்சேன். மாட்டினவங்க ஒரு நாள் வருவாங்க, அவங்களே கழட்டட்டும்னு பார்த்தேன். வரவேயில்லை."

'ஒரு குழந்தையையே குளிப்பாட்டுறாரு' என்ற இடத்தை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை சிரித்தார். சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிந்து ரொம்ப நேரமாகியும் வெளியே வரவில்லை. நான் கதவைத் தட்டவில்லை.

வெளியே வந்ததும் பிளேடால் டேப்பை மெதுவாக அறுத்துத் தாளை எடுத்தார். மறுநாளே முதல் ஜக்கை எடுத்துவிட்டோம். அதைக் கொட்டுவதற்குத்தான் இடம் தெரியவில்லை. மூன்று பேரும் ஜக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவரே வாசல் செடிக்கு ஊற்றினார்.


மே 21

தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய இரண்டாவது பாட்டிலைச் சோதித்தேன். உடனே சோதித்தேன், பயப்படாதே. தண்ணீர் தேறிவிட்டது. இன்னும் ஒரு வாரம் மாற்றிவிட்டு மீன் வாங்கலாம்.

இந்தத் தடவை டம்ளர் வேண்டாம். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் கிடைக்கும். ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறு முனையை மீன் இருக்கும் கிண்ணத்தில் விட்டு, திருகியைத் திருகினால் சொட்டுச் சொட்டாக விழும். ஒரு விநாடிக்கு இரண்டு சொட்டு. கிண்ணத்துத் தண்ணீர் மூன்று மடங்காகும்வரை விடவேண்டும். அவரை அந்த நேரத்தில் வெளியே அனுப்பிவிடு. அந்தக் குழாயை அவர் கடைசியாகப் பார்த்த இடம் வேறு.

உங்கள் எண்களைத் திறந்துவிட்டேன். கூப்பிட வேண்டுமென்று இல்லை. கடிதமும் பழகிவிட்டது.


ஜூன் 14

அக்காவுக்கு,

மீன் பிழைத்துவிட்டது. இன்று பதினோராம் நாள்.

இவர் வெளியே போகவில்லை. "நானே திருகுறேன்" என்று குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சொட்டு எண்ணினார். குட்டி கிண்ணத்தின்மேல் துண்டைப் போட்டு இருட்டாக்கி வைத்திருந்தாள். நாலாம் நாள் மூன்று பேருமே சீக்கிரம் எழுந்துவிட்டோம். அது பாட்டுக்குப் பாசியைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் குதித்தேன். குட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை, ஆறாம் நாளும் இல்லை. பழகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது சாகாதா சித்தி?"

"சாகாதுடா. நல்லாயிருக்கு பாரு."

"நீங்களும்?"

"நானும்தான்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது, அக்கா. இதற்குத்தானே பிப்ரவரியிலிருந்து பாடுபட்டேன். அவள் சிரிப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ அம்மா இதுல இல்லையா?"

கேட்டுவிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இருந்தா விட்டிருக்கமாட்டாங்க. அப்போ இங்க இல்லை. எங்கயுமே இல்லையா சித்தி?"

பிறகு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் அம்மா போன அன்றுகூட அழவில்லை என்று இவர் சொல்கிறார். பையோடு தரையில் உட்கார்ந்து, மூச்சு விடக்கூட நிறுத்தாமல் அழுதாள். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு நிமிஷம், இந்த மீன் செத்துப்போயிருக்கக்கூடாதா என்று நினைத்துவிட்டேன்.

இப்போது என் மடியில்தான் தூங்குகிறாள். ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். எழுந்ததும் மறுபடி கேட்பாள். அவள் அம்மா எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபிப்பாள், எதைச் சொல்லி இவளைத் தூங்கவைப்பாள் என்று யாராவது சொல்லவேண்டும். இவரால் இரண்டு வார்த்தைக்குமேல் முடியவில்லை. எனக்கு உங்கள் தங்கையைத் தெரியாது, அக்கா. நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

நீங்கள் வாருங்கள்.